டிராக்டர் கன்னத்தில் ஒரு மரு!

தமிழ் சினிமாவில் ஹீரோ மாறுவேடம் போடுவது ரொம்ப சுலபம். கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டால் போதும். வில்லனை விடுங்கள், பத்து வருஷம் கூடவே இருந்த கையாளுக்குக்கூட அடையாளம் தெரியாது! தியேட்டரில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் பொடியனுக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்துவிடும்: "டேய், அது ஒட்டு மருடா!"

பழைய டிராக்டர் வாங்குகிறவர்களுக்கு வேண்டியது அந்தப் பொடியனின் கண்தான்.

அமெரிக்காவில் பழைய டிராக்டர் சேர்ப்பது ஒரு பெரிய பைத்தியம். நம் ஊரில் செல்லாக்காசு, ஸ்டாம்ப் சேர்க்கிறோமே, அந்த மாதிரி. என்ன, ஸ்டாம்ப்புக்கு ஒரு நோட்டு போதும். இதற்கு ஒரு கொட்டகை வேண்டும்! ஐயோவா மாநிலத்து மவுன்ட் பிளஸன்ட் என்ற சின்ன ஊரில் 1950-ல் 'ஓல்டு த்ரெஷர்ஸ் ரீயூனியன்' என்று ஒரு திருவிழா ஆரம்பித்தார்கள். நீராவி இன்ஜின்களும் அரதப்பழசான டிராக்டர்களும்தான் அங்கே உற்சவமூர்த்திகள். இந்த மாதிரித் திருவிழாக்கள் அந்த நாட்டில் ஏகப்பட்டது.

நம்மூர் மாட்டுச் சந்தையில் அனுபவசாலிகள் என்ன செய்வார்கள்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்த்து வயசைச் சொல்லிவிடுவார்கள். டிராக்டருக்குப் பல் கிடையாது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் டாஷ்போர்டைப் பார்க்கிறார்கள். அங்கே வட்ட வட்டமாய்க் கண்ணாடி போட்ட கேஜ்கள். ஆயிலுக்கு ஒன்று, பாட்டரிக்கு ஒன்று, தண்ணீர் சூட்டுக்கு ஒன்று. இதில் எது பிறவி மச்சம், எது ஒட்டு மரு? எதைத் தொழிற்சாலையிலேயே வைத்தார்கள், எதை விவசாயி பிற்பாடு கடையில் வாங்கி மாட்டினார்?

'இதுக்கெல்லாமா மண்டையை உடைச்சுக்கறது?' என்று கேட்காதீர்கள். ஒரிஜினல் என்று சொல்லி விற்கும்போது விலை வேறு. அது ஒருபக்கம். இன்னொரு பக்கம்தான் எனக்குச் சுவாரசியம். கம்பெனி வைக்காத ஒரு கேஜை ஒரு விவசாயி தன் கைக்காசு போட்டு வாங்கி மாட்டியிருக்கிறார் என்றால், அவருக்கு அந்த விஷயத்தில் ஏதோ ஒரு கவலை இருந்திருக்கிறது. ஒவ்வொரு ஒட்டு மருவும் ஒரு கவலை!

வெறும் முகம்

1917-ல் ஹென்றி ஃபோர்டு தன் ஃபோர்ட்ஸன் டிராக்டரை வெளியே கொண்டுவந்தபோது, ஓட்டுகிறவர் எதிரே கேஜ் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். தேவையே இல்லை!

பாட்டரி கிடையாது. கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எனவே அம்மீட்டர் வேண்டாம். ஆயில் பம்ப் கிடையாது. உள்ளே சுற்றுகிற பாகங்களே ஆயிலை வாரி வாரி மேலே அடித்துக்கொள்ளும். எனவே ஆயில் பிரஷர் கேஜும் வேண்டாம். தண்ணீர் பம்பும் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே போகும், ஆறினது தானாகக் கீழே வரும். இதற்குத் தெர்மோசைஃபன் என்று பெரிய பெயர். இன்ஜின் சூடாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? ரேடியேட்டரிலிருந்து இட்லிப் பானை மாதிரி ஆவி வரும். அதுதான் கேஜ்!

ஆனால் ஆவி வந்த பிறகு தெரிந்து என்ன புண்ணியம்? இங்கேதான் ஹாரிசன் பாய்ஸ் என்பவர் வருகிறார். ரேடியேட்டர் மூடியிலேயே செருகிவிடுகிற மாதிரி ஒரு தெர்மாமீட்டரைக் கண்டுபிடித்து 1912-ல் பேடன்ட் வாங்கினார். பெயர் பாய்ஸ் மோட்டோமீட்டர். மூடிக்கு மேலே ஒரு வட்டம், நடுவே சிவப்புத் திரவம் ஏறி இறங்கும். சீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். கார், லாரி, டிராக்டர் என்று எல்லாவற்றின் மூக்கு நுனியிலும் இது உட்கார்ந்தது. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்குகளுக்கெல்லாம் இதைத்தான் கொள்ளுத்தாத்தா என்று சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன ரகசியம். மோட்டோமீட்டர் தண்ணீரைத் தொடுவதே இல்லை. தண்ணீருக்கு மேலே இருக்கும் ஆவிச் சூட்டைத்தான் அளக்கிறது. அதாவது அடுப்பங்கரைக்குள்ளே போகாமல் வாசனையை வைத்தே குழம்பு கொதித்துவிட்டது என்று சொல்கிற கெட்டிக்காரத்தனம்! இறுக்கமாக மூடி, பிரஷரில் வேலை செய்யும் ரேடியேட்டர்கள் வந்த பிறகு இந்த வித்தை எடுபடவில்லை. ஆகவே பிரஷர் மூடி போட வேண்டிய டிராக்டரின் தலையில் மோட்டோமீட்டரைப் பார்த்தால், அது திருஷ்டிப் பொட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

சூடும் ஆகாது, குளிரும் ஆகாது!

அந்தக் கால டிராக்டர்களில் பல மண்ணெண்ணெயில் ஓடின. நம்ம ஊர் பம்ப் செட்டில் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களே, அதே டெக்னிக். பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கோ அல்லது 'டிஸ்டிலேட்' என்ற மலிவு எண்ணெய்க்கோ மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால்? மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல், பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே ஆயிலில் கலந்துவிடும். ஆயில் நீர்மோர் ஆகிவிடும். அப்புறம் பேரிங் கோவிந்தா!

ஆக, விவசாயிக்கு இரட்டைக் கவலை. ரொம்பச் சூடானாலும் ஆபத்து, சூடு போதாவிட்டாலும் ஆபத்து. டெம்பரேச்சர் கேஜ் தேவைப்பட்டது இதனால்தான். எண்களே இல்லாமல் 'குளிர்ச்சி - ஓட்டலாம் - கொதிப்பு' என்று மூன்று பாகமாகப் பிரித்த கேஜ்களும் வந்தன. வயல்காட்டில் எண்ணைப் படித்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

கேஜுக்குள்ளே இருக்கும் சங்கதி எளிமையானது. திருவிழாவில் பீப்பி ஊதுவோமே, சுருண்டிருக்கும் காகிதம் ஊதினால் நீளுமே, அதுதான்! தட்டையான ஒரு குழாயை வளைத்து வைத்திருப்பார்கள். உள்ளே அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவு பல் சக்கரம் வழியாக முள்ளைத் திருப்பும். யூஜின் போர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-லேயே இதற்குப் பேடன்ட் எடுத்துவிட்டார். ஆயில் கேஜில் இந்தக் குழாய்க்குள் வருவது ஆயில். டெம்பரேச்சர் கேஜில் ஆவி. இன்ஜின் தண்ணீரில் முங்கியிருக்கும் ஒரு சின்னக் குமிழ், அதிலிருந்து நூல் மாதிரி ஒரு செம்புக் குழாய். குமிழுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் ஆவியாகி அழுத்தும். அந்த நூல் குழாய் ஓரிடத்தில் ஒடிந்தாலும் கேஜின் கதை முடிந்தது. பழைய டிராக்டரைப் பிரிக்கிறவர்கள் முதலில் கொலை செய்வது இந்த அப்பிராணியைத்தான்!

இரண்டே கேஜ் தந்த ஃபோர்டு

இப்போது அசல் கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு 8-என் டிராக்டர். 1947 முதல் 1952 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. இன்றைக்கும் அமெரிக்காவில் பல பண்ணைகளில் புல் வெட்டிக்கொண்டிருக்கும் கிழவர் இவர்.

இவருக்குத் தொழிற்சாலை கொடுத்த கேஜ்கள் ஆரம்பத்தில் இரண்டே இரண்டு. அம்மீட்டர் ஒன்று, ஆயில் பிரஷர் ஒன்று. டெம்பரேச்சர் கேஜ் கிடையாது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கேஜும் கிடையாது! டாங்க் குழாயில் 'ரிசர்வ்' மட்டும் உண்டு. வண்டி விக்கி விக்கி நின்றால் குழாயை முழுசாகத் திருப்பிவிட்டு வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். நம்ம ஊர் ஸ்கூட்டர்காரர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

எனவே 8-என் டாஷ்போர்டில் டெம்பரேச்சர் கேஜ் இருந்தால், யோசிக்கவே வேண்டாம். ஒட்டு மரு! ஏதோ ஒரு கோடையில் ரேடியேட்டர் கொதித்து ஒரு விவசாயி நொந்துபோயிருக்கலாம். அல்லது பக்கத்துப் பண்ணைக்காரர் நொந்ததைப் பார்த்து இவர் உஷாராகியிருக்கலாம்.

1950-ல் ஃபோர்டு கம்பெனி மனசு வைத்து 'ப்ரூஃப்மீட்டர்' என்று ஒரு பெரிய வட்டத்தைச் சேர்த்தது. இன்ஜின் சுழற்சி, எந்த கியரில் என்ன வேகம், பின்னால் மாட்டும் கருவிக்கான பி.டி.ஓ. தண்டின் வேகம், மொத்தம் ஓடிய மணி... எல்லாம் ஒரே முகத்தில். ஆகவே '1948 மாடல் சார், அப்படியே ஒரிஜினல்' என்று காட்டப்படும் 8-என்னில் ப்ரூஃப்மீட்டர் இருந்தால் மெதுவாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று டாஷ்போர்டு மாறியிருக்கிறது, அல்லது இன்ஜினே மாறியிருக்கிறது.

இந்த 'மணி'யில் ஒரு சூட்சுமம் உண்டு. ப்ரூஃப்மீட்டர் கடிகாரம் அல்ல, இன்ஜின் சுற்றுகிற சுற்றைத்தான் எண்ணுகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஓடினால்தான் அதற்கு ஒரு மணி என்பது ஒரு மணி. மெதுவாக ஓடினால் ஒரு மணி நேரம் உழுதாலும் முக்கால் மணி என்று காட்டலாம். பிற்பாடு கடையில் வாங்கி மாட்டிய எலெக்ட்ரிக் மணி மீட்டரோ, சாவியைத் திருப்பின நிமிஷத்திலிருந்து ஓடும். டிராக்டர் சும்மா நின்றாலும் ஓடும், ஆட்டோ வெயிட்டிங் மாதிரி! நம் கிராமங்களில் மணிக் கணக்கில் உழவுக்கு டிராக்டர் வாடகை பேசுகிறார்களே... டிரைவர் கணக்கு ஒன்று, வயல்காரர் கணக்கு ஒன்று என்று வரப்பில் நடக்கும் வாக்குவாதத்துக்குப் பின்னால் இப்படி ஒரு விஞ்ஞானமும் இருக்கிறது.

இன்னொரு முக்கியமான சங்கதி: மீட்டர் காட்டுவது மீட்டரின் வயசு. டிராக்டரின் வயசு அல்ல!

பாஸ்புக் கேஜ்

பி.காம். படித்தவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிகிற ஒரே கேஜ் அம்மீட்டர்தான். நடுவில் சைபர். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் செலவு. ஜெனரேட்டர் பாட்டரிக்குப் போட்டால் முள் வரவுப் பக்கம். விளக்கைப் போட்டால் செலவுப் பக்கம். (என் பாஸ்புக்கில் முள் ஒரே பக்கம்தான் சாயும் என்பது வேறு விஷயம்.)

துப்பு துலக்குவதற்கு இது அருமையான சாட்சி. 1930-களில் பல டிராக்டர்களுக்குப் பாட்டரி, செல்ஃப் ஸ்டார்ட்டர், விளக்கு எல்லாம் தனிக்காசு கொடுத்தால்தான் உண்டு. கையால் சுற்றும் டிராக்டரில் அம்மீட்டர் தெரிந்தால், ராத்திரியில் உழ ஆசைப்பட்ட ஒருவர் கைவைத்திருக்கிறார் என்று அர்த்தம். அதே மாதிரி, ஃபோர்டு 8-என் அம்மீட்டரின் பின்புறத்தில் ஒரு வளையம்தான் இருக்கும். ஒயர் அதற்குள் நுழைந்து போகும், அவ்வளவுதான். பின்னால் இரண்டு போல்ட் வைத்து ஒயரை முறுக்கியிருந்தால் அது மாற்றாந்தாய்ப் பிள்ளை.

அந்த டிராக்டருக்குப் பிறந்தபோது 6 வோல்ட், அதிலும் பாட்டரியின் பாஸிடிவ் முனை பாடியில்! பிற்பாடு வந்தவர்கள் 12 வோல்ட்டுக்கு மாற்றி நெகடிவ்வை பாடியில் கொடுத்துவிடுகிறார்கள். பழைய அம்மீட்டர் பாவம், வரவைச் செலவாகவும் செலவை வரவாகவும் காட்டும். ஆடிட்டர் பார்த்தால் மயங்கி விழுவார். வளையத்துக்குள் ஒயரை எதிர்ப்பக்கமாகக் கோத்தால் கணக்கு நேராகிவிடும்.

துப்பறிய ஆறு வழிகள்

1. ஓட்டையைப் பாருங்கள். தொழிற்சாலை ஓட்டை அச்சில் வெட்டினது. சுத்தமாக இருக்கும். கைத்துளை ஓரம் பிசிறடிக்கும். கடையில் விற்ற கேஜ்களில் பெரும்பாலானவை 2 அங்குலம் அரை நூல் ஓட்டைக்குப் பொருந்துகிறவை. டாஷ்போர்டுக்குக் கீழே தகடு வைத்துத் தொங்கவிட்டிருந்தால் கேள்வியே இல்லை.

2. பெயின்ட்டைப் பாருங்கள். கேஜைக் கழற்றினால் அதன் பின்னால் டிராக்டரின் ஆதி நிறம் தெரியும். முகத்தில் பவுடர் போடலாம், காதுக்குப் பின்னால் யார் போடுகிறார்கள்?

3. முகத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள். ஸ்டூவர்ட்-வார்னர், ஏ.ஸி., ரோச்செஸ்டர், யு.எஸ். கேஜ்... இவர்கள் எல்லாம் கேஜ் செய்தவர்கள். ஆனால் அவசரப்படாதீர்கள்! டிராக்டர் கம்பெனிகளும் கேஜை வெளியில் வாங்கித்தான் மாட்டின. எனவே பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

4. எண்களைப் பாருங்கள். ஜான் டியர் 'பி' போன்ற இரண்டு சிலிண்டர் டிராக்டர்களில் ஆயில் அழுத்தம் சுமார் 10 முதல் 15 பவுண்டுதான். அதற்கேற்ற கேஜில் முள் நடுவில் நிமிர்ந்து நிற்கும். அங்கே 80 பவுண்டு வரை போகும் கார் கேஜை மாட்டினால் முள் சைபர் பக்கத்திலேயே சுருண்டு கிடக்கும். புதிதாக வாங்கினவர் 'ஐயோ, இன்ஜின் போச்சு' என்று அலறுவார். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை, கேஜ்தான் ஊர் மாறி வந்தது!

5. தேசத்தைப் பாருங்கள். முகத்தில் ஸ்மித்ஸ், லூகாஸ் என்றிருந்தால் பிரிட்டிஷ் சரக்கு. கோவென்ட்ரியில் பிறந்த ஃபெர்குஸனில் இருந்தால் நியாயம். அமெரிக்காவில் பிறந்த ஃபார்மாலில் இருந்தால், கல்யாண வீட்டில் யாருக்கும் உறவில்லாத ஒருவர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்.

6. கடைசியாக, அந்த மாடலின் பார்ட்ஸ் புத்தகத்தைப் பாருங்கள். படம் போட்டு, நம்பர் போட்டு எது உண்டு, எது தனிக்காசு என்று இருக்கும். ஜாதகம் கையில் இருக்கும்போது கைரேகை எதற்கு?

இத்தனையும் தாண்டி ஏமாற்றுவது இந்தக் காலத்து நகல்கள். பழைய முகம், பழைய எழுத்து, எல்லாம் அச்சு அசல். நகல் என்று சொல்லி விற்றால் அது சேவை. சொல்லாமல் விற்றால் வேறு பெயர்.

விளையாட்டில்லாத இரண்டு விஷயம்

இதுவரை சிரித்தது போதும். இந்த இரண்டையும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஒன்று: விமானம், ராணுவ வண்டி ஆகியவற்றிலிருந்து கழித்த பழைய கேஜ்களையும் சிலர் வாங்கி மாட்டுவது உண்டு. அவற்றில் சிலவற்றின் எண்களும் முள்ளும் கனமான, பழுப்பேறிய பெயின்ட்டில் இருக்கும். இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பெயின்ட். இப்போது ஒளிராது. 'செத்துப்போச்சு' என்று நினைத்துவிடாதீர்கள். ஒளிர்கிற வேதிப்பொருள்தான் செத்தது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருஷம் ஆகும்! அமெரிக்காவின் நியூஜெர்சியில் இந்தப் பெயின்ட்டைக் கடிகார முகத்தில் தீட்டிய இளம்பெண்கள் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார்கள். தாடை எலும்பு அரித்து, ரத்தம் கெட்டு, பலர் செத்தார்கள். கோர்ட்டுக்குப் போன ஐந்து பெண்களின் வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. அப்படிப்பட்ட கேஜ் கையில் கிடைத்தால் கண்ணாடியைத் திறந்து சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

இரண்டு: பின்னால் இரண்டு போல்ட் உள்ள பழைய அம்மீட்டர் வழியாக முழு மின்சாரமும் ஓடுகிறது. 20, 30 ஆம்பியருக்காகப் பிறந்தது அது. '12 வோல்ட்டுக்கு மாத்திட்டேன்' என்று பெருமையாக ஒரு பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டி, இந்தக் கிழவர் தலையில் 60 ஆம்பியரை ஏற்றினால் சூடாகி, ஒயர் கருகி, பெட்ரோல் டாங்குக்குப் பக்கத்திலேயே தீபாவளி!

கழற்றுவதா, விடுவதா?

சேகரிப்பவர்களுக்குள் பட்டிமன்றமே இங்கேதான். ஒரு கட்சி, 'தொழிற்சாலை வாசலைத் தாண்டினபோது எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும், ஒட்டினதையெல்லாம் பிய்த்து எறி' என்கிறது. இன்னொரு கட்சி, 'ஐம்பது வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி. அந்த மனுஷன் கைவைத்த அடையாளமும் சரித்திரம்தான்' என்கிறது.

நான் இரண்டாவது கட்சிக்கு ஓட்டுப் போடுகிறேன். தொழிற்சாலை வாசலில் அந்த டிராக்டர் நின்றது ஒரு நாள். வயலில் நின்றது ஐம்பது வருஷம். 5 லட்சம் 8-என்களும் ஃபோர்டு கம்பெனி கொடுத்த அதே முகத்தோடுதான் பிறந்தன. இது இன்னார் வீட்டு 8-என் என்று சொல்ல மிச்சமிருப்பது, டாஷ்போர்டுக்குக் கீழே கொஞ்சம் கோணலாகத் தொங்கும் அந்த டெம்பரேச்சர் கேஜ் மட்டும்தான். அதைக் குப்பையில் போட்டால், ஒரு மனிதர் எதற்காகக் கவலைப்பட்டார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். ஆபத்தில்லாத கேஜ் என்றால் இருக்கட்டும். விற்கும்போது மட்டும், 'இது பிறவி, இது ஒட்டு' என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

எனக்கு ஒரே ஒரு கவலை. இன்னும் ஐம்பது அறுபது வருஷம் கழித்து ஒரு சேகரிப்பாளர் தமிழ்நாட்டுக்கு வந்து, நம் காலத்து டிராக்டர் ஒன்றைத் தேடிப் பிடிப்பார். கேஜில் பாதிக்கு முள்ளே ஆடாது. மட்கார்டின் இரண்டு பக்கமும் மட்டும் அண்டா சைஸில் ஸ்பீக்கர் பாக்ஸ்! பார்ட்ஸ் புத்தகத்தைப் புரட்டுவார். கம்பெனி கொடுத்ததில்லை. ஒட்டு மருதான்.

'இந்த விவசாயிக்கு என்ன கவலை இருந்திருக்கும்?' என்று மோவாயைத் தடவுவார்.

ஒரு கவலையா, இரண்டா? அதையெல்லாம் மறக்கத்தானே ஸார் அந்த ஸ்பீக்கர்!